150 எம்.எம். இ.என்.8 ராடை லேத்திலேயே பார்ட்டிங் அடிக்கலாமா?

சூலூர்_டர்னர் எழுதியது:

வணக்கம். வேலை இதுதான். இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு), 150 எம்.எம். விட்டம், மேல்தோல் எடுக்காத கறுப்பு ராடு. அதிலிருந்து 25 எம்.எம். கனத்தில் நாற்பது வட்டத் தட்டு வேண்டும். நடுவில் 40 எம்.எம். துளை வரும், அதைக் கடைசியில் போரிங் போட்டு (உள்ளே கடைந்து) எடுப்பதாக இருக்கிறேன். வழக்கமாக பேண்ட் சாவில் (பட்டை ரம்பத்தில்) கொடுத்து அறுத்து வாங்குவோம். இப்போது அங்கே வேலை குவிந்து கிடக்கிறது, பார்ட்டிக்கோ அவசரம். அதனால் லேத்திலேயே பார்ட்டிங் அடித்து, அதாவது சுற்றும் ராடில் மெல்லிய பிளேடை இறக்கி, வெட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.

லேத் எட்டடி, ஆல் கியர்டு, 3 எச்.பி. மோட்டார். 250 எம்.எம். மூன்று ஜா சக் (ராடைப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடி). கையில் இருப்பது 5 எம்.எம். அகலம், 25 எம்.எம். உயரம் உள்ள எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) பார்ட்டிங் பிளேடு ஒன்று. அப்புறம் 26 எம்.எம். உயர பிளேடில் 3 எம்.எம். கார்பைடு இன்செர்ட் (மாட்டிக் கழற்றும் வெட்டுமுனை) ஒன்று.

எச்.எஸ்.எஸ். போட்டு ஆரம்பித்தால் 120 விட்டம் வரை நன்றாகப் போகிறது. அதற்குமேல் உள்ளே போனால் அலற ஆரம்பிக்கிறது. கிராஸ் ஸ்லைடு (டூலை ராடுக்குள் தள்ளும் பாகம்) கைப்பிடியிலேயே அதிர்வு தெரிகிறது, பள்ளத்தின் சுவரில் அலை அலையாகக் கோடு விழுகிறது. வேகத்தைக் குறைத்து, ஃபீடையும் (ஒரு சுற்றுக்கு டூல் உள்ளே போகும் அளவு) குறைத்தால் சத்தம் அடங்குகிறது. ஆனால் டூல் வெட்டாமல் தேய்க்கிறது; சுருளுக்குப் பதில் தூள் வருகிறது. கார்பைடை இன்னும் தொடவில்லை. என்ன செய்யலாம்?

---

ஐடிஐ_வாத்தியார் எழுதியது:

தம்பி, அந்த 26 உயரக் கார்பைடு பிளேடைத் தொடாததே நல்லது. அந்த அளவு பிளேடெல்லாம் பொதுவாக 75 விட்டம் வரைக்கும்தான். 32 உயர பிளேடு என்றால் 100, அகலமான இன்செர்ட் உட்காரும் வகையாக இருந்தால் 120. கேட்டலாக்கில் அதிகபட்ச விட்டம் என்று ஒரு பத்தி இருக்கும், வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வி. நடுவில் 40 துளை வரப்போகிறது என்கிறீர்கள். அதைக் கடைசிக்கு ஏன் வைத்திருக்கிறீர்கள்? முதலிலேயே டெயில்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனைத் தாங்கியில்) 12, 25, 38 என்று டிரில் போட்டுவிடுங்கள். அப்புறம் பார்ட்டிங் டூல் மையம்வரை போக வேண்டியதில்லை. 75 எம்.எம். போக வேண்டிய டூல் 56 எம்.எம். போனால் போதும்.

இதில் நேரம் பெரிதாக மிச்சமாகாது. மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரப்பு கொஞ்சம்தான். மிச்சமாவது டூலின் நீட்டம். அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 எம்.எம். அகலம், சுற்றுக்கு 0.08 ஃபீட், இந்த மெட்டீரியலுக்கு முனையில் வரும் விசை சுமார் 880 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 90 கிலோ எடை, 5 எம்.எம். தகட்டின் நுனியில் தொங்குகிறது. 25 உயர பிளேடை 80 எம்.எம். வெளியே நீட்டினால் நுனி 0.11 எம்.எம். கீழே இறங்கும். அதே பிளேடை 60 நீட்டினால் 0.05க்கும் குறைவு. நீட்டம் கால்பங்கு குறைந்தால் வளைவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது, ஏனென்றால் நீளம் மும்மடிப் பெருக்கத்தில் வருகிறது. உயரமும் அப்படித்தான்.

இது பிளேடு மட்டும் வளைவது. டூல் போஸ்ட் (டூலைப் பிடிக்கும் கட்டை), காம்பவுண்ட் (அதன் அடியிலுள்ள சிறு ஸ்லைடு), கிராஸ் ஸ்லைடு எல்லாவற்றின் லூசும் இதோடு சேரும்.

வேகம்: எச்.எஸ்.எஸ். பார்ட்டிங்குக்கு நிமிடத்துக்கு 18 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 150 விட்டத்தில் 38 சுற்று, 100ல் 57, 60ல் 95, 40ல் 143. ஒரே வேகத்தில் கடைசிவரை ஓட்டினால் உள்ளே போகப் போக வெட்டும் வேகம் செத்துப்போகும், ஆகவே நடுவில் இரண்டு முறையாவது கியர் மாற்றுங்கள். மாற்றும்போது டூலைப் பின்னால் இழுத்துவிட்டு மாற்ற வேண்டும். டூல் பள்ளத்துக்குள் கடித்தபடி இருக்கும்போது ஸ்டார்ட் போட்டால் பிளேடு ஒடியும்.

ஃபீடைக் குறைத்ததுதான் உங்கள் தேய்ப்புக்குக் காரணம். அதிர்ந்தால் கை தானாகப் பின்வாங்கும். பார்ட்டிங்கில் அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. வேகத்தைக் குறை, ஃபீடைக் குறைக்காதே. முடிந்தால் ஆட்டோ ஃபீட் போடுங்கள்.

---

பேண்ட்சா_பக்கம் எழுதியது:

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த வேலையை லேத்தில் ஏன் செய்ய வேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அவர் சொன்ன 18 மீட்டர் வேகம், 0.06 ஃபீட் வைத்தால் ஒரு வெட்டுக்குப் பதினைந்து நிமிடம். கியர் மாற்றுவது, டிரில் போடுவது, கூலண்ட் ஊற்றுவது தனி. நாற்பது தட்டுக்கு வெட்டு நேரமே பத்து மணி. லேத்தும் ஆளும் அதற்கே கட்டிப்போடப்படும். பேண்ட் சாவில் நல்ல பைமெட்டல் பிளேடு இருந்தால் 150 ராடு ஐந்தாறு நிமிடம். பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

அப்புறம் மெட்டீரியல். 150 ராடில் 5 எம்.எம். வெட்டு என்றால் ஒரு தட்டுக்கு 700 கிராம் தூளாகப் போகிறது. பேண்ட் சா வெட்டு சுமார் 1.6 எம்.எம்., 220 கிராம். நாற்பது தட்டுக்கு 19 கிலோ வித்தியாசம். அத்தனை இ.என்.8ஐ ஸ்க்ராப் விலைக்குத் தள்ள மனசு வருமா?

---

டூல்ரூம்_ஓசூர் எழுதியது:

பேண்ட்சா சார், அந்தக் கணக்கு பாதிதான். அறுத்து வரும் தட்டு அப்படியே சைஸில் வருமா? சா கொஞ்சம் சாய்ந்திருந்தால் 150 அகலத்தில் ஒரு எம்.எம். போய்விடும். இரண்டு பக்கமும் ஃபேஸிங்குக்கு (முகத்தைத் தட்டையாகச் சீவ) ஒவ்வொரு எம்.எம். விட வேண்டும். ஆக 3.6 எம்.எம்., 500 கிராம். பார்ட்டிங்கில் முன்முகத்தை ராடிலேயே ஃபேஸ் பண்ணிவிட்டு வெட்டலாம்; வெட்டிய முகத்துக்கு மட்டும் ஒரு எம்.எம். விட்டால் 6 எம்.எம்., 830 கிராம். வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனால் நீங்கள் சொன்ன அளவுக்கு இல்லை. ஒரு செட்டப்பும் மிச்சம்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். சூலூர் சார், உங்கள் லேத்தின் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) துளை எவ்வளவு? 150 ராடு அதற்குள் போகாது. அப்படியென்றால் ராடு முழுக்க சக்குக்கு வெளியேதான் நிற்கிறது. எவ்வளவு நீளத் துண்டைக் கட்டுகிறீர்கள்? எங்கே வெட்டுகிறீர்கள்?

---

சூலூர்_டர்னர் எழுதியது:

ஸ்பிண்டில் துளை 80தான் மேடம். 350 நீளத் துண்டாகக் கட்டுகிறேன். ஜாவுக்குள் 60 போகிறது, மீதி வெளியே. முனையிலிருந்து 25, 25 ஆக வெட்டிக்கொண்டே வருவதாக எண்ணம்.

---

டூல்ரூம்_ஓசூர் எழுதியது:

இதுதான் உங்கள் சத்தத்துக்கு முதல் காரணம். பிளேடெல்லாம் அப்புறம்.

பார்ட்டிங் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் "சக்குக்குப் பக்கத்தில் வெட்டு" என்று போட்டிருக்கும். சின்ன ராடு ஸ்பிண்டிலுக்குள் போகும். ஜாவிலிருந்து பத்து எம்.எம். தள்ளி வெட்டலாம். பெரிய விட்டத்தில் அந்த அறிவுரையே செல்லாது. நீங்கள் முதல் தட்டை வெட்டும் இடம் ஜாவிலிருந்து 260 எம்.எம். தள்ளி. வெளியே தொங்கும் இரும்பு மட்டும் 40 கிலோ. மூன்று ஜா, 60 எம்.எம். பிடி, அதுவும் கறுப்பு ராடில். அந்த ராடு சரியான வட்டமாகவும் இருக்காது. டூல் 90 கிலோ அழுத்தும்போது ராடு மேலே எழும்பப் பார்க்கும், ஜாவில் ஆடும். ஆட்டம் ஆரம்பித்தால் பள்ளம் பிளேடைப் பிடிக்கும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வெட்டும் இடத்துக்குச் சக் பக்கமாக ஸ்டெடி (ராடைச் சுற்றி விரல்களால் தாங்கும் சட்டம்) போடுவது. ஸ்டெடி விரல் ஓட, முதலில் ராடில் ஒரு பட்டை சுத்தமாக டர்ன் செய்ய வேண்டும். கறுப்புத் தோல் மேல் ஓட்டினால் விரலைத் தின்றுவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்டெடியை நகர்த்த வேண்டியிருக்கும், இது ஒரு தலைவலி.

இரண்டாவது, நான் செய்வது: ராடை முதலில் பேண்ட் சாவில் துண்டு போட்டுக்கொள்வது. ஒரு துண்டில் மூன்று தட்டு, பிடிக்க ஒரு பாகம். சுமார் 150 நீளம். அப்போது முதல் வெட்டே ஜாவிலிருந்து 70க்குள் வந்துவிடும். சாவுக்காரரிடம் நாற்பது வெட்டு கேட்காமல் பதினாலு வெட்டு கேட்டால் அவரும் சீக்கிரம் தருவார். பேண்ட்சா சாருக்கும் பாதி வெற்றி.

மீதமாகும் பிடித்துண்டை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கடைசித் தட்டு வெட்டியதும் அந்தத் துண்டைத் திருப்பி, டர்ன் செய்த பக்கத்தில் பிடித்தால் அதிலும் இன்னொரு தட்டு ஃபேஸ் பண்ணி எடுக்கலாம். நாலு ஜா இருந்தால் நாலு ஜாவே கட்டுங்கள்.

---

பேண்ட்சா_பக்கம் எழுதியது:

பாதி வெற்றி போதும் மேடம். 😄

---

பின்போஸ்ட் எழுதியது:

ஒருவரும் ரியர் டூல் போஸ்ட் (ராடுக்குப் பின்பக்கம் வைக்கும் டூல் போஸ்ட்) பற்றிப் பேசவில்லையே. பெரிய விட்டப் பார்ட்டிங்குக்கு அதுதான் விடை என்பது என் கட்சி.

முன்பக்கத்தில் டூல் வைக்கும்போது ஜாப் (கடையும் ராடு) மேலிருந்து கீழே சுழன்று வந்து டூல் நுனியைக் கீழே அமுக்குகிறது. டூல் போஸ்ட், காம்பவுண்ட், கிராஸ் ஸ்லைடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்கு கொஞ்சம் ஜாப் பக்கம் சாயும். நுனி சாயும் இடத்துக்கு மேலே இருப்பதால், கீழே இறங்குவதோடு ஜாபுக்குள்ளேயும் நகரும். இன்னும் ஆழமாகக் கடிக்கும், விசை கூடும், இன்னும் சாயும். டூல் "உள்ளே இழுக்குது" என்று சொல்வோமே, அது இதுதான்.

கிராஸ் ஸ்லைடின் பின்பக்கம் ஒரு கட்டியான போஸ்ட் வைத்து, பிளேடைத் தலைகீழாகக் கட்டினால் எல்லாம் மாறிவிடும். ஸ்பிண்டில் வழக்கம்போல முன்பக்கமாகவே சுற்றும். பின்பக்கத்தில் ஜாப் கீழிருந்து மேலே போகிறது, டூலை மேலே தள்ளுகிறது. போஸ்ட் சாய்ந்தால் நுனி ஜாபை விட்டு விலகும். விசை தானாகக் குறையும். சுருளும் பள்ளத்துக்குள் தங்காது, எடைக்குக் கீழே விழுந்துவிடும். முன்பக்கத்தில் மேலே ஏற வேண்டிய சுருள் பள்ளத்துச் சுவரில் சிக்கி, பிளேடுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி ஒடிப்பதுதான் பாதிக் கதை.

இன்னொன்று, ஜாபின் மேல் விசை கீழ்நோக்கி வருவதால் ஸ்பிண்டில் ஹெட்ஸ்டாக்கில் (அதைத் தாங்கும் பெட்டியில்) அமுங்கி உட்காரும். பேரிங் தேய்ந்த பழைய லேத்தில் இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும்.

---

ஐடிஐ_வாத்தியார் எழுதியது:

பின்போஸ்ட், நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனைகளையும் சொல்லிவிடுங்கள்.

விசை மேல்நோக்கி வருகிறதென்றால் கிராஸ் ஸ்லைடையே தூக்கப் பார்க்கும். டோவ்டெயில் (ஸ்லைடு நகரும் சாய்வுத் தடம்) தேய்ந்து கிப் (அதன் ஆட்டத்தை இறுக்கும் பட்டை) லூசாக இருந்தால் ஸ்லைடு எழும்பும். சேடிலின் (கிராஸ் ஸ்லைடைச் சுமந்து லேத் பெட் மேல் ஓடும் பாகத்தின்) பின்பக்கக் கீப் பிளேட் (அது எழும்பாமல் பிடிக்கும் தகடு) பல லேத்தில் பேருக்குத்தான் இருக்கிறது. அதையும் சரிபார்த்து இறுக்க வேண்டும். முன்பக்க வெட்டில் எடையும் விசையும் கீழேயே போவதால் இந்தக் குறை மறைந்து கிடக்கும்.

அப்புறம் இடம். 150 ஜாபுக்கு முன்னால் ஒரு போஸ்ட், பின்னால் ஒரு போஸ்ட் என்றால் கிராஸ் ஸ்லைடின் ஓட்டம் போதுமா என்று அளந்து பார்க்க வேண்டும். சில லேத்தில் பின்பக்கம் டி-ஸ்லாட் (போல்ட் மாட்டும் பள்ளம்) இருக்கும். இல்லாதவற்றில் ஸ்லைடில் துளை போட வேண்டும், அதற்கு முதலாளி ஒத்துக்கொள்ள வேண்டும்!

இதைப் படித்துவிட்டு யாராவது "போஸ்ட் எதற்கு, முன்னாலேயே டூலைக் கவிழ்த்துக் கட்டி ரிவர்ஸில் ஓட்டிவிடலாமே" என்று கிளம்புவார்கள். கேம்லாக் சக், போல்ட் போட்ட ஃபிளேஞ்ச் சக் என்றால் ஓட்டலாம். மரை போட்ட ஸ்பிண்டில் மூக்கில் சக் இருந்தால் ரிவர்ஸில் வெட்டவே கூடாது. டூல் கடித்த நொடியில் சக் கழன்று வரும். 40 கிலோ ராடோடு அது பெட்டில் விழுவதை நினைத்துப் பாருங்கள்.

---

ஜி96 எழுதியது:

சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. சாய்வுப் பெட் மெஷின்களில் டரட் (பல டூல் தாங்கும் தலை) பின்பக்கம்தான் இருக்கிறது. டூலைக் கவிழ்த்துக் கட்டுவது அங்கே வழக்கம், யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. வாத்தியார் சொன்ன கியர் மாற்றும் வேலையும் இல்லை: ஜி96 (வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் கட்டளை) போட்டால் விட்டம் குறையக் குறைய சுற்று தானாக ஏறும். ஜி50 போட்டு உச்சவரம்பு வைக்க மறந்தால் மட்டும் ஆபத்து, மையத்துக்குப் பக்கத்தில் ஸ்பிண்டில் தலைதெறிக்கச் சுற்றும்.

ஒய்-அச்சு உள்ள டர்ன்-மில் (கடைசலும் மில்லிங்கும் செய்யும்) மெஷினுக்கு சாண்ட்விக் டூல் கம்பெனியார் ஒரு பார்ட்டிங் பிளேடு கொண்டுவந்திருக்கிறார்கள். இன்செர்ட்டின் இருக்கையை 90 டிகிரி திருப்பி வைத்து, பிளேடை எக்ஸ் அச்சுக்குப் பதில் ஒய் அச்சில் தள்ளுகிறார்கள். வெட்டு விசை பிளேடின் குறுக்கே விழாமல் நீளவாக்கில் விழுகிறது. வாத்தியார் போட்ட 0.11 கணக்கு இருக்கிறதே, அந்த வளைவுக்கே அங்கே பெரிதாக இடமில்லை. பெரிய விட்டத்துக்காகவே யோசித்தது.

சூலூர் சாருக்கு உதவாது, தெரியும். ஆனால் கார்பைடை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். துளை போட்டுவிட்டால் வேண்டியது 56 ஆழம். 32 உயர பிளேடு, 4 எம்.எம். இன்செர்ட், கெட்டியான பிளாக். நிமிடத்துக்கு 90 மீட்டர் வைத்தால் 150ல் 190 சுற்று. 0.1 ஃபீட். சுற்றை மாற்றாமலே ஓட்டினாலும் மூன்று நிமிடத்தில் வேலை முடியும். எச்.எஸ்.எஸ்.ஸில் பதினைந்து.

---

பின்போஸ்ட் எழுதியது:

3 எச்.பி. மோட்டார் இழுக்குமா அதை?

---

ஜி96 எழுதியது:

4 அகலம், 0.1 ஃபீட் என்றால் விசை அதே 880 நியூட்டன் சொச்சம். 90 மீட்டர் வேகத்தில் 1.3 கிலோவாட். 3 எச்.பி. என்பது 2.2. பெல்ட், கியர் நஷ்டம் போனாலும் இழுக்கும். 2 எச்.பி. என்றால் மூச்சு வாங்கும். 1 எச்.பி. என்றால் வேண்டாம், கார்பைடு வெட்டின் நடுவில் ஸ்பிண்டில் நின்றால் இன்செர்ட்டின் முனை அங்கேயே உதிரும்.

எச்.எஸ்.எஸ்.ஸில் பவர் பிரச்சினையே இல்லை, 260 வாட்தான். ஆனால் முறுக்கு விசை இரண்டுக்கும் ஒன்றே. 75 ஆரத்தில் 66 நியூட்டன் மீட்டர். அதனால்தான் பேக் கியர் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) போடாமல் பெல்ட் வேகத்தில் பார்ட்டிங் அடித்தால் பெல்ட் வழுக்கும்.

---

பழையபட்டறை எழுதியது:

பெல்ட் வழுக்கினால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா காலத்து கோன் புல்லி (படிப்படியான பெல்ட் சக்கரம்) லேத்தில் தட்டை பெல்ட்தான். டூல் கடித்தால் பெல்ட் நழுவும், ஒன்றும் ஆகாது. ஆல் கியர்டு வந்த பிறகு நழுவ ஒன்றுமில்லை, பிளேடு ஒடிகிறது, இல்லையென்றால் ஜாப் சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது.

அந்தக் காலத்தில் பெரிய பார்ட்டிங்குக்கு ஸ்வான் நெக் டூல் வைத்திருப்பார்கள். வாத்து கழுத்து மாதிரி வளைந்திருக்கும். கடித்தால் கழுத்து வளைந்து நுனி ஜாபை விட்டு விலகும். பின்போஸ்ட் சொல்லும் வேலையை முன்பக்கத்திலேயே செய்யும். இப்போது கடையில் கேட்டால் முழிக்கிறார்கள்.

---

ஐடிஐ_வாத்தியார் எழுதியது:

சூலூர் தம்பிக்கு வருவோம். எச்.எஸ்.எஸ்.ஸிலேயே செய்வதென்றால் நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன்.

கறுப்புத் தோலை முதலில் எடுத்துவிடுங்கள். அந்தத் தோல்தான் பிளேடின் மூலையை முதல் நிமிடத்திலேயே மழுக்குகிறது. மழுங்கிய மூலையோடு 56 எம்.எம். உள்ளே போக முடியாது.

காம்பவுண்டை முழுக்கப் பின்னால் இழுத்து, கிப்பை இறுக்கி அசையாமல் கட்டுங்கள். கழற்றிவிட்டு நேராக கிராஸ் ஸ்லைடு மேல் ஒரு கெட்டிக்கட்டையை வைத்து அதில் பிளேடு பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. சேடில் லாக் போட மறக்க வேண்டாம்.

பிளேடு ஜாபுக்கு நேர் குத்தாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சரி என்று விடாதீர்கள். டயலை (நுண்ணளவு காட்டும் முள் கருவியை) ஜாபிலோ சக்கிலோ மேக்னட் வைத்து நிறுத்தி, முள்ளைப் பிளேடின் பக்கவாட்டில் வைத்து கிராஸ் ஸ்லைடை நகர்த்துங்கள். 50 எம்.எம். ஓட்டத்துக்கு 0.05க்கு மேல் காட்டினால் திருப்பிக் கட்டுங்கள். ஆழம் குறைந்த வெட்டில் இது தெரியாது. 50 உள்ளே போனதும் பிளேடின் ஒரு பக்கம் சுவரில் உரசும், சூடேறும், அப்புறம் கத்தும்.

உயரம்: நுனியை மையத்துக்கு 0.1 மேலே வையுங்கள். விசை விழுந்ததும் அது மையத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் தூக்கினால் முன்பக்கம் உரசும்.

இதெல்லாம் செய்துவிட்டு முக்கியமானது: ஒரே பள்ளமாக உள்ளே போகாதீர்கள். பத்து எம்.எம். உள்ளே போங்கள், வெளியே வாருங்கள், ஸ்க்ராப் பக்கமாக ஒரு எம்.எம். நகர்த்தி அதே ஆழத்துக்கு இறங்குங்கள். மறுபடி முதல் பள்ளத்தில் பத்து. இப்படி மாறி மாறிப் போனால் பள்ளம் 6 எம்.எம்., பிளேடு 5. சுருள் வெளியே வர வழி கிடைக்கும், கூலண்ட் உள்ளே போக வழி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் சேடில் லாக்கை எடுத்துத் திரும்பப் போட வேண்டும், சோம்பல்படக்கூடாது. மெட்டீரியல் இன்னும் கொஞ்சம் போகும், பேண்ட்சா திட்டுவார்.

கூலண்ட் நிறுத்தாமல் ஓட வேண்டும். பம்ப் இல்லையென்றால் கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டுப் பள்ளத்துக்குள் விடுங்கள்.

---

டூல்ரூம்_ஓசூர் எழுதியது:

கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துளை 38 போட்டிருந்தால் பிளேடு 40 விட்டத்துக்குப் பக்கத்தில் வரும்போது மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள தட்டு மெல்லிய சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அது தானாக விழட்டும் என்று விட்டால், சுற்றிக்கொண்டே சாய்ந்து பிளேடைப் பக்கவாட்டில் நெரிக்கும். பிளேடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகின்றன. சுவர் ஒரு எம்.எம். இருக்கும்போது மெஷினை நிறுத்துங்கள். பெட் மேல் பலகை போடுங்கள். ஆக்சா பிளேடைப் பள்ளத்துக்குள் விட்டு, சக்கைக் கையால் திருப்பித் திருப்பி அறுத்துவிடலாம். உள்ளே நிற்கும் பிசிறு 40க்குப் போரிங் போடும்போது போய்விடும்.

துளை இல்லாத ஜாபாக இருந்தால் 20, 25 விட்டம் மீதி இருக்கும்போதே நிறுத்தி அறுப்பது. டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வெட்டுவது மட்டும் வேண்டாம். வெட்டிய தட்டு போக இடமில்லாமல் பிளேடின் மேலேயே சாயும்.

கையுறை போட்டுக்கொண்டு சுருளை இழுக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கொக்கி எதற்கு இருக்கிறது?

---

சூலூர்_டர்னர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேடம் சொன்னபடி ராடைத் துண்டு போடச் சொல்லிக் கொடுத்தேன், பதினாலு வெட்டு என்றதும் உடனே செய்து தந்தார். நாலு ஜாவில் கட்டி, 38 டிரில் போட்டு, வாத்தியார் சொன்ன மாதிரி மாறி மாறி இறங்கினேன். 38 சுற்றில் ஆரம்பித்து 95 வரை. சத்தம் இல்லை. சுருள் வாட்ச் ஸ்பிரிங் மாதிரிச் சுற்றி வெளியே வந்து விழுகிறது. 32 பிளேடும் 4 எம்.எம். இன்செர்ட்டும் சொல்லியிருக்கிறேன், வந்ததும் மீதியை அதில் பார்க்கிறேன்.

ஒரே ஒரு குறை. வெட்டிய முகம் தட்டையாக இல்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தட்டின் பக்கம் நடுவில் குழி, ராடு பக்கம் நடுவில் மேடு. ஃபீலரில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டில்) 0.3 வருகிறது. ஃபேஸிங் அலவன்ஸ் ஒரு எம்.எம். இருப்பதால் போய்விடும். ஆனாலும் ஏன்?

---

ஜி96 எழுதியது:

பிளேடின் முன்முனையைச் சாய்வாகத் தீட்டியிருக்கிறீர்களா? தட்டின் பக்கம் பிசிறு வராமலிருக்கச் சிலர் அப்படிச் செய்வார்கள்.

---

சூலூர்_டர்னர் எழுதியது:

ஆமாம், கொஞ்சம் சாய்வு இருக்கிறது. சின்ன ஜாபுக்கு எப்போதும் அப்படித்தான் தீட்டுவேன். தட்டின் பக்கத்து மூலை முன்னால் நிற்கும்.

---

ஐடிஐ_வாத்தியார் எழுதியது:

அப்படியென்றால் அதுதான். சாய்வு முனை வெட்டும்போது பிளேடைப் பக்கவாட்டிலும் தள்ளும், முன்னால் நிற்கும் மூலையின் பக்கமாக. 10 எம்.எம். ஆழத்தில் பிளேடு அதைத் தாங்கும். 56 எம்.எம். நீட்டத்தில் 5 எம்.எம். தகடு பக்கவாட்டில் எளிதாக வளைந்து தட்டுக்குள் நகர்ந்துகொண்டே போகும். உயரவாக்கில் 25 இருக்கிறது, பக்கவாட்டில் வெறும் 5தானே. ஆழமான வெட்டுக்கு முனையை நேர் சதுரமாகத் தீட்டுங்கள். இரண்டு பக்க கிளியரன்ஸும் (உரசாமலிருக்க விடும் இடைவெளி) சமமாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் குழி விழுந்தால் முனையின் இரண்டு மூலைகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மழுங்கியிருந்தாலும் இதே மாதிரிதான் இழுக்கும், மழுங்காத மூலை பக்கமாக. கறுப்புத் தோலை வெட்டிய பிளேடில் இது அடிக்கடி நடக்கும். கார்பைடு வாங்கும்போதும் சாய்வு இல்லாத, நடுநிலை இன்செர்ட் என்று சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் கையில் கிடைத்ததைத் தருவார்.